எந்தக் கூடையிலும் சேராத சாமி படங்கள்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கும் இரண்டு கூடைகளைக் காட்டியிருப்பார்கள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. நானும் அப்படித்தான் கற்றேன். அப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த சில நாட்களிலேயே எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அது நின்றபாடில்லை. தூய்மைப் பணி மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் தெளிவு கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், தவறான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

தேங்காய் ஓட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில் தேங்காய் உடையாத நாள் உண்டா? அது மக்கும் பொருள்தான். ஆனால் உரத்தொட்டியில் போட்டால் நம் பேரன் காலத்தில்தான் மக்கும். அன்னதானத் தொன்னை இருக்கிறதே, வெளியே பார்த்தால் இலை, உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் தோல். செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பால் பாக்கெட்டைக் கழுவி, கிளிப் மாட்டிக் காயவைத்துக் கொடுப்பார். ஒரு நாள் டீத்தூள் பையில் குத்தியிருந்த குட்டிப் பின்னைப் பிடுங்கி என் முன்னால் நீட்டி, இது எந்தக் கூடை என்று சைகையில் கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இவையெல்லாம் சில்லறைக் குழப்பங்கள். நான் சொல்ல வந்தது பெரிய குழப்பத்தை. அதில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது.

அவர் பெயர் கன்னியம்மா. காலையில் எங்கள் பேட்டரி வண்டியோடு தெருத் தெருவாக வந்து வீடுகளில் குப்பை வாங்குவார். பிற்பகலில் உரத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கூரைக் கொட்டகையில் மற்றவர்களோடு உட்கார்ந்து, மக்காத குப்பையைப் பாட்டில் தனி, தகரம் தனி, அட்டை தனி என்று பிரிப்பார். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவர். சர்க்கரை வியாதி உண்டு. கணவர் முதுகு ஒடிந்து வீட்டோடு இருந்தார், இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நான் சூபர்வைசர். பெயர் என்னவானாலும், எல்லோருக்கும் நான் 'மேஸ்திரி'தான்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு தெரு. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் சமயம். ஒரு மாடி வீட்டு அம்மா பச்சைக் கூடையைக் கொடுத்தார், நீலக் கூடையைக் கொடுத்தார், பிறகு உள்ளே போய் ஒரு முருகன் படத்தை எடுத்துவந்தார். கண்ணாடியில் விரிசல். சட்டத்தில் ஒரு பக்கம் கரையான்.

"இத எதுல போடறதுங்க?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சட்டம் மரம், அது மக்கும். கண்ணாடி மக்காது. காகிதம் மக்கும். பின்பக்கத் தகடு மக்காது. சரி, முருகன்? வாயை மூடிக்கொண்டேன். கன்னியம்மாதான் கையுறையைக் கழற்றி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

பிற்பகலில் கொட்டகைக்குப் போனால், சுவரில் ஆணி அடித்து முருகனை மாட்டியிருக்கிறார்.

"இன்னாம்மா இது?"

"குப்பையோட குப்பையா கீழ வெக்க மனசு வரல மேஸ்திரி. ஒரு நாள் இருக்கட்டும்."

நானும் ஒரு நாள்தானே என்று விட்டேன். ஆனால் தெருவில் செய்தி பரவிவிட்டது. குப்பை வண்டியில் சாமி படம் வாங்கிக்கொள்கிறார்களாம்! நம் ஊரில் கிரகப்பிரவேசம் என்றாலும் சாமி படம், கல்யாணம் என்றாலும் சாமி படம், கடைக் காலண்டரிலும் சாமி. பழசானால் எங்கே வைப்பது என்று தெரியாமல் பரண் மேலும், அரச மரத்தடியிலும், குளக்கரையிலும் விட்டுவைத்திருந்தார்கள். இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. அண்ணாமலையார் வந்தார், உண்ணாமுலையம்மன் வந்தார், பிள்ளையார் விதவிதமாக வந்தார். ஒரு வேளாங்கண்ணி மாதாவும் வந்தார். சுவரில் இடம் போதாமல் எதிர்ச் சுவருக்கும் ஆணி வாங்கினோம்.

பாட்டிலும் தகரமும் அட்டையும் எடைக்கு வாங்கிக்கொள்ளும் காயலான் கடை பாயிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இத மட்டும் என் கடைக்கு அனுப்பாதீங்க மேஸ்திரி. ஒரு பாய் சாமி படத்த ஒடச்சான்னு எவனாச்சும் கெளப்பி விட்டா நான் கடைய மூடிட்டு ஓட வேண்டியதுதான். எங்க வூட்டு அரபி எழுத்து காகிதத்தையே நான் எடைக்குப் போட மாட்டேன்."

நியாயம்தான். சரி, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்த மாடி வீட்டு அம்மாவிடம் போனேன்.

"உங்க முருகர திரும்ப எடுத்துக்கறீங்களாம்மா?"

"ஐயய்யோ, விரிசல் விட்டத வூட்ல வெக்கக் கூடாதுங்க."

"அப்ப நாங்களே பிரிச்சி, கண்ணாடிய தனியா, மரத்த தனியா போட்டுடட்டுமா?"

"சாமிய ஒடப்பீங்களா? நல்லா இருக்குதே நீங்க பேசறது!"

வீட்டிலும் இருக்கக் கூடாது, உடைக்கவும் கூடாது. அப்படியென்றால் என்னதான் செய்வது? அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாத அந்தப் பாரம் இப்போது எங்கள் சுவரில் தொங்கியதால் அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

கடுப்பில் கன்னியம்மாவிடம் கத்தினேன். "நீ ஏம்மா எல்லாத்தையும் கை நீட்டி வாங்கற? வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் பாட்டில் மூடிகளைத் திருகியபடியே பதில் சொன்னார். "அந்தத் தெருவுல தண்ணி கேட்டா, என் பாட்டில நீட்டச் சொல்லி தூரத்துல நின்னு ஊத்துவாங்க. சாமிய மட்டும் கையில குடுக்கறாங்க மேஸ்திரி. எப்படி வேணாம்னு சொல்றது?"

எனக்குச் சுரீரென்றது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சாமி வந்தால் சும்மா வருமா? பூ வந்தது. ஊதுபத்தி வந்தது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஊதுபத்தியா என்று நான் போட்ட சத்தத்தில் அதை மட்டும் நிறுத்தினார்கள். ஆனால் சத்தமே இல்லாமல் இன்னொன்று நடந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

ரப்பர் பூட்ஸ் பற்றி உங்களுக்குத் தெரியும். அதைப் போடவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "வேகுது மேஸ்திரி", "வழுக்குது மேஸ்திரி" என்று ஆளுக்கு ஒரு சாக்கு. கெஞ்சி, திட்டி, ஒருவழியாக எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஒரு மதியம் கொட்டகைக்குப் போகிறேன், வாசலில் பூட்ஸ்கள் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே எல்லோரும் வெறுங்காலோடு, உடைந்த பாட்டிலுக்கும் தகரத்துக்கும் நடுவே உட்கார்ந்து குப்பை பிரிக்கிறார்கள். வந்த கோபத்துக்கு என் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

"அறிவு இருக்குதா உங்களுக்கு? யார் பூட்ஸ கழட்டச் சொன்னது?"

எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். குனிந்து பார்த்தேன். என் செருப்பும் வாசலில் கிடந்தது. எப்போது கழற்றினேன்? சத்தியமாகத் தெரியாது.

சாமி முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்று கால் தானாகப் படித்த பாடம் அது. குப்பையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்பது நான் சொல்லிக்கொடுத்த பாடம். இரண்டும் சரிதான். இரண்டும் ஒரே கொட்டகைக்குள் இருந்தால் எது ஜெயிக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்னார்களா?

என் மூளைக்கு எட்டிய வழி, ஒரு பழைய புடவையை வாங்கி சுவருக்குக் குறுக்கே திரையாகக் கட்டியது. படம் கண்ணில் படாவிட்டால் பூட்ஸைப் போட்டுக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். கோயிலில் திரை போட்டால் நாம் என்ன செய்வோம்? திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அதையேதான் அவர்களும் செய்தார்கள். மறுநாள் போனால், குப்பை அப்படியே குவிந்து கிடக்கிறது, எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். "தெர போட்டிருக்குது மேஸ்திரி, எப்போ தெறப்பீங்க?" என்று ஒருத்தர் பணிவாகக் கேட்டார். நானே போய்த் திரையை இழுத்துவிட்டேன். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். சிரிப்பு அதோடு முடிந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் குப்பை வந்து கொட்டகை நிரம்பி வழிந்தது. நல்ல காற்று. சுவரில் ஒரு ஆணி கழன்று, பெரிய லட்சுமி படம் ஒன்று தரையில் விழுந்து கண்ணாடி சிதறியது. சாமி தரையில் கிடக்கக் கூடாதே என்று கன்னியம்மா எழுந்து ஓடியிருக்கிறார், வெறுங்காலோடு. படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான் காலில் ரத்தத்தைப் பார்த்தாராம்.

என்னிடம் சொல்லவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துத் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டே இருந்தார். நொண்டி நடப்பதைப் பார்த்துக் கேட்டதற்கு, "சுளுக்கு" என்றார். கால் வீங்கி, காய்ச்சல் வந்து, வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்ட நாளில்தான் துணியை அவிழ்த்தோம். ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை ஏறியிருந்தது. கால் சுண்டு விரலை எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

கொட்டகையில் ஒருவர் சாமி குத்தம் என்றார். படத்தைக் குப்பையில் வாங்கியதால் வந்தது என்றார். இன்னொருவர், சாமியைத் தாங்கப் போனவளுக்கு சாமி ஏன் கெடுதல் செய்யும் என்று கேட்டார். இருவரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சூபர்வைசர். லட்சுமியின் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அழுகை வந்ததுதான். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து ஒப்பந்தக்காரர் வந்தார். "பூட்ஸ் குடுத்தாச்சு. போடாதது அந்தம்மா தப்பு. வேற ஆள் பாத்துட்டேன்," என்றார். சாதாரணமாக, டியூப் லைட் மாற்றுகிற மாதிரி சொன்னார். சுகாதார அலுவலர் நேரில் வந்து விசாரித்து முடிவு சொல்வார் என்றும் சொன்னார்கள்.

அந்த விசாரணைக்கு நான் என்ன சொல்வது? பூட்ஸ் போடச் சொன்னேன் என்றால் கன்னியம்மாவுக்கு வேலை போகும். சொல்லவில்லை என்றால் பொய், எனக்குப் பணி முடியும் நேரத்தில் ஓலை வரும். சாமிக்காகக் கழற்றினார் என்று உள்ளதைச் சொன்னால், படத்தையெல்லாம் உடனே அப்புறப்படுத்து என்பார்கள். அதைத் தொட ஆள் வராது, தொட்டால் தெருவே திரண்டு வரும். மூன்று பதிலையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மூன்றும் அசிங்கமாகவே இருந்தன. என் மனைவி, "யாரோட சண்டை போட்டுட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அலுவலர் ஜீப்பில் வந்தார். கூடவே ஒப்பந்தக்காரர். அலுவலர் நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி என்பவர். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இறங்கினார். பேசிக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்தார். எதிரே சுவர் நிறைய சாமி. பேச்சு நிற்கவில்லை, கால் மட்டும் ஒன்றை ஒன்று தேய்த்து ஷூவைக் கழற்றியது. ஒப்பந்தக்காரரும் செருப்பை விட்டார். நானும்தான். மூன்று பேரும் செருப்பில்லாமல் உள்ளே போய் நின்றோம். அலுவலர் போனைப் பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பூட்ஸ் இல்லாம எப்படிங்க உள்ள விட்டீங்க? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாமா?"

ஒத்திகை பார்த்த மூன்று பதில்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டு மினுங்கியது. அவர் காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எனக்குப் பகீரென்றது.

"சார், கால பாத்து வைங்க. கண்ணாடி கெடக்குது," என்றேன்.

அவர் குனிந்தார். தன் காலைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் காலைப் பார்த்தார். வாசலில் கிடந்த தன் ஷூவைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன் என்று பிற்பாடு அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இல்லவே இல்லை. அவர் கால் வெட்டுப்படுமே என்ற பயத்தில்தான் சொன்னேன்.

"அந்தம்மா கால் ஆறட்டும்," என்றார் அலுவலர். "ஆறினதும் வேலைக்கு வரட்டும். வேற ஆள் வேணாம்." ஒப்பந்தக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். ஷூவை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறும்போது அலுவலர், "இதுக்கு ஒரு வழி பண்ணுங்க மேஸ்திரி," என்றார்.

"எதுக்கு சார்?"

"எல்லாத்துக்கும்தான்," என்றார் அவர். ஜீப் போய்விட்டது.

எல்லாத்துக்கும் வழி எனக்கு ஏது? முதலில் அந்த மாடி வீட்டுக்குப் போனேன். இனி படத்தை நீங்களே பிரித்துக் கொடுங்கள், கண்ணாடி தனி, சட்டம் தனி, சாமி காகிதம் உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

"அத வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றதுங்க?"

"தெரியாதும்மா. ஆனா உங்களுக்குத் தெரியாதத எங்க தலையில கட்டாதீங்க. கும்பிட்டது நீங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு கன்னியம்மாவின் விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, இன்னொரு படத்தின் கண்ணாடியைப் பழைய துணியில் சுற்றி, கயிறு கட்டி, 'பாத்து வாங்குங்க' என்று சொல்லிக் கொடுத்தார். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து துளசித் தொட்டியில் கரைத்தாராம். "அது சரிங்களா?" என்று என்னைக் கேட்டார். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தெருவில் பாதிப் பேர் அப்படிச் செய்தார்கள், மீதிப் பேர் மறுபடி அரச மரத்தடிக்கே போனார்கள். ஏற்கெனவே சுவரில் ஏறிய சாமிகளை இறக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆணிகளை மட்டும் புதிதாக, ஆழமாக அடித்தோம்.

பூட்ஸ்? உள்ளேயும் போட்டுக்கொள்ளவேண்டும் என்று அலுவலர் உத்தரவு வந்தது. நான் படித்துக் காட்டினேன். எல்லோரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

கன்னியம்மா திரும்பி வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். புது பூட்ஸ். இடது பூட்ஸில் விரல் இல்லாத இடத்தில் துணி அடைத்திருந்தார். எல்லோரும் உள்ளிருந்து வாசலையே பார்த்தார்கள். அவர் நிலைக்கால் அருகில் நின்றார். சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். நிற்க முடியாமல் தள்ளாடினார்.

"கழட்டாதம்மா," என்றேன்.

"சாமி இருக்குதே மேஸ்திரி."

உத்தரவை இன்னொரு முறை படிக்கலாம். திட்டலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது இரண்டும் எடுபடாது என்று தெரிந்தது. என் காலில் செருப்பு இருந்தது. பெரிய கோபுர வாசலில் செருப்பில்லாமல் நடந்தே வளர்ந்தவன் நான். "மன்னிச்சுக்கோப்பா," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, செருப்போடு வாசலைத் தாண்டி உள்ளே போனேன். அண்ணாமலையாருக்கு நேர் எதிரே போய் நின்றேன். முதுகு வியர்த்தது. சரி செய்கிறேனா, பாவம் செய்கிறேனா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பின்னால் ரப்பர் பூட்ஸ் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. கன்னியம்மா என்னைத் தாண்டிப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, பூட்ஸ் காலை நீட்டிக்கொண்டு, நீலக் கூடையை இழுத்துக் கவிழ்த்தார். உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, பூட்ஸ் கிடந்த வாசலுக்குப் போனார்கள்.

கன்னியம்மா என் காலை ஒரு பார்வை பார்த்தார்.

"செருப்பு பத்தாது மேஸ்திரி," என்றார். "கண்ணாடி ஏறிடும். நீங்களும் பூட்ஸ் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க."